மரபணு நகலானால் நோய் மட்டும்தானா?

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் அறிவியல் பக்கத்தில் மரபணுவைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல முயற்சிதான், குறை சொல்ல வேண்டும் என்பதற்காக எழுதவில்லை. ஆனால் அதில் ஒரு வரியைப் பெட்டி கட்டிக் கொட்டை எழுத்தில் போட்டிருந்தீர்கள்: ஒரு மரபணு தவறுதலாக இரண்டு பிரதியாகிவிட்டால் அது நோயில் கொண்டுபோய் விடும், நோய் வராவிட்டால் குப்பையாகக் கிடக்கும் என்று. நாகர்கோவில் பக்கம் ஒரு ஆஸ்பத்திரி லேபில் பல வருஷமாக ரத்தம் பார்த்துக் காலம் தள்ளுகிறவன் நான். நாங்கள் அன்றாடம் பார்க்கிற நொதிகளில் முக்கால்வாசி, எப்போதோ இரண்டு பிரதியான மரபணுக்களின் பிள்ளைகள்தான். அந்தப் பெட்டிச் செய்தியைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அப்படியே நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளும் என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். வெட்டிப் போடுவதென்றால் வெட்டிக்கொள்ளுங்கள்.

கட்டுரையாளர் சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. டவுன் சிண்ட்ரோம் 21ஆம் குரோமோசோம் மூன்றாக இருப்பதால்தான் வருகிறது. பி.எம்.பி.22 என்ற ஒரு மரபணு மட்டும் ஒரு பிரதி கூடிவிட்டால் கைகால் நரம்பு தளர்கிற ஷார்கோ-மாரி-டூத் நோய் வருகிறது. இவ்வளவு ஏன், செத்துப்போன நகல்கூடத் தொந்தரவு செய்யும். அட்ரீனல் சுரப்பியில் ஸ்டீராய்டு செய்கிற 21-ஹைட்ராக்சிலேஸ் என்ற நொதியின் மரபணுவுக்குப் பக்கத்திலேயே அதன் செயலிழந்த நகல் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருப்பதால், விந்தும் முட்டையும் உருவாகும்போது செத்ததில் உள்ள பழுது நல்லதில் ஏறிவிடும். பச்சைக் குழந்தைகளுக்குக் குதிகாலில் குத்தி ரத்தத்தில் 17-ஓ.எச்.பி. என்ற ஸ்டீராய்டின் அளவைப் பார்ப்பது இதனால் வருகிற நோயைப் பிடிக்கத்தான். ஆக, கட்டுரையாளர் பொய் சொல்லவில்லை. பாதிக் கதையைச் சொல்லி நிறுத்திவிட்டார், அவ்வளவுதான்.

மீதிப் பாதிக்கு லேபில் இருந்தே தொடங்குகிறேன். நெஞ்சுவலி என்று வருகிறவர்களுக்கு இப்போது ரத்தத்தில் ட்ரோபோனின் என்ற இதயத்தசைப் புரதத்தைத்தான் பார்க்கிறோம். அதற்கு முந்தி அந்த இடத்தில் இருந்தது சி.கே-எம்.பி., இன்றைக்கும் சில டாக்டர்கள் சீட்டில் எழுதுகிறார்கள். கிரியேட்டின் கைனேஸ் என்ற இந்த நொதி தசைக்கும் மூளைக்கும் அவசரத்துக்குச் சக்தி எடுத்துக் கொடுப்பது. இரண்டு புரதச் சங்கிலி சேர்ந்தால் ஒரு நொதி. சங்கிலியில் எம் என்று ஒரு வகை, பி என்று ஒரு வகை. எம் வகைக்கான மரபணு 19ஆம் குரோமோசோமில் இருக்கிறது, பி வகைக்கானது 14ஆம் குரோமோசோமில். கைகால் தசையில் இரண்டும் எம், மூளையில் இரண்டும் பி, இதயத்தில் மட்டும் எம்மும் பியும் கலந்த ஜோடி கணிசமாக இருக்கும். அந்தக் கலப்பு ஜோடி ரத்தத்தில் கூடினால் இதயத்தசை சேதமாகிறது என்று அர்த்தம். இந்த இரண்டு மரபணுக்களும் ஒரு காலத்தில் ஒன்றாக இருந்தவை. ஒன்று இரண்டாகி, ஒன்று தசைப்பக்கமும் இன்னொன்று மூளைப்பக்கமும் போயிராவிட்டால் இப்படி ஒரு டெஸ்டே வந்திருக்காது.

எல்.டி.எச். (லாக்டேட் டிஹைட்ரோஜினேஸ்) என்ற நொதி இன்னும் சுவாரசியம். இதில் நாலு சங்கிலி சேர வேண்டும். இதயத்துக்கு ஏற்ற வகை, தசைக்கு ஏற்ற வகை என்று இரண்டு இருப்பதால் நாலும் இது, மூன்று இது ஒன்று அது, இப்படி மொத்தம் ஐந்து விதமான சேர்க்கை வரும். கிளெமென்ட் மார்க்கெர்ட் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1959ல் இதைத் தெளிவாக எடுத்துக்காட்டினார். ஜெல்லில் மின்சாரத்தை ஓட விட்டால் ஐந்தும் ஐந்து பட்டைகளாகப் பிரிந்து நிற்கும். தசை வகை, மூச்சு வாங்க ஓடும்போது, சர்க்கரை உடைந்து வருகிற பைருவேட்டை லாக்டேட்டாக மாற்றித் தள்ளத் தோதானது. இதய வகை அந்த லாக்டேட்டைத் திரும்ப எடுத்து எரிக்கத் தோதானது. சிவப்பணுவிலும் இதய வகைதான் அதிகம். அதனால்தான் ஊசியில் வேகமாக இழுத்து அணுக்கள் உடைந்துபோன சாம்பிள் வந்தால், சீரம் இளஞ்சிவப்பாகத் தெரிந்த உடனேயே வார்டுக்கு போன் போட்டு, "சிஸ்டர், இன்னொரு தடவை எடுத்து அனுப்புங்க" என்று சொல்லிவிடுவோம். அதை அப்படியே மெஷினில் ஏற்றினால் எல்.டி.எச். கன்னாபின்னா என்று ஏறும், நோயாளிக்கு ஒன்றும் இருக்காது. தாடையில்லாத லாம்ப்ரே என்ற பழைய மீன் இனத்துக்கு இந்த இரண்டு வகைப் பிரிவு கிடையாது, ஒரே எல்.டி.எச்.தான். தாடை உள்ளவற்றுக்கு இரண்டு. போதாததற்கு மூன்றாவது ஒன்றும் உண்டு, பாலூட்டிகளில் அது விந்தணுவில் மட்டும் வேலை செய்கிறது. மீன்களிலும் ஒரு மூன்றாவது இருக்கிறது, சிலவற்றுக்குக் கண்ணில், சிலவற்றுக்கு ஈரலில்.

இனி, நகல் எப்படி உண்டாகிறது? அப்பா வழிக் குரோமோசோமும் அம்மா வழிக் குரோமோசோமும் துண்டு மாற்றிக்கொள்ளும்போது கொஞ்சம் தள்ளிப் பொருந்திவிட்டால் ஒன்றில் ஒரு மரபணு கூடும், மற்றதில் குறையும். இது ஒரு வழி. மரபணுத் தொகுதி முழுக்க அப்படியே இரட்டிப்பாவது இன்னொரு வழி. இப்படி வருகிற நகலால் லாபம் என்ன என்று 1930களிலேயே யோசித்தவர்களில் ஒருவர் ஜே.பி.எஸ். ஹால்டேன். 1957ல் இந்தியாவுக்கே வந்து குடியுரிமையும் வாங்கி, 1964ல் புவனேஸ்வரில் இறந்தவர். ஆனால் இதை ஒரு முழுக் கொள்கையாக நிறுத்தியது சுசுமு ஓனோ என்ற ஜப்பானியர், 1970ல் ஒரு தனிப் புத்தகமாக. அவர் சொன்னதன் சாரம் இதுதான்: ஒரே ஒரு வெட்டுக்கத்தி வைத்திருக்கிற ரப்பர் பால்வெட்டுக்காரர் அதை அடித்து வளைத்து வேறு உருவம் செய்து பார்க்கமாட்டார், மறுநாள் வேலைக்கு என்ன செய்வார்? கையில் இரண்டு இருந்தால் ஒன்றை வளைத்துப் பார்க்கலாம். மரபணுவும் அதே கதைதான். ஒரு பிரதி பழைய வேலையைப் பார்த்துக்கொண்டிருக்க, மற்றது சும்மா இருக்கிற நேரத்தில் மாற்றங்களைச் சேர்த்துக்கொள்கிறது. பெரும்பாலும் அப்படிச் சேர்கிற மாற்றத்தால் அது செத்துத்தான் போகும், இதில் கட்டுரையாளர் சொன்னது சரியே. ஆனால் சில வேளை புது வேலை ஒன்று அகப்படும். அப்புறம் 1999ல் இன்னொரு குழுவினர், புது வேலை கிடைக்காவிட்டாலும் பழைய வேலையையே இரண்டும் பங்கு போட்டுக்கொண்டு பிழைத்துவிடலாம் என்று காட்டினார்கள். மேலே சொன்ன தசை, மூளைப் பிரிவில் இரண்டின் சாயலும் இருக்கிறது.

முழுத் தொகுதியும் இரட்டிப்பாவது செடிகொடிகளுக்குச் சாதாரணம். நம் மாவட்டத்தில் தின்கிற செவ்வாழையும் நேந்திரனும் மூன்று தொகுதி குரோமோசோம் கொண்டவை, அதனால்தான் விதை பிடிப்பதில்லை. முதுகெலும்புள்ள பிராணிகளுக்கு இது அபூர்வம். ஆனால் அபூர்வமாக நடந்தாலும் பெரிதாக நடந்திருக்கிறது. சுமார் 50 கோடி ஆண்டுகளுக்கு முன், முதுகெலும்பிகள் உருவாகி வந்த காலத்தில் இரண்டு முறை முழு இரட்டிப்பு நடந்தது என்பது இன்று பெரும்பாலும் ஒத்துக்கொள்ளப்பட்ட விஷயம். பதினொன்றாம் வகுப்பு விலங்கியல் படித்தவர்களுக்கு ஆம்பியாக்ஸஸ் நினைவிருக்கும், மணலுக்குள் புதைந்து கிடக்கிற, முதுகெலும்பு இல்லாத, மீன் மாதிரியான சின்னப் பிராணி. உடம்பின் முன்பின்னைத் தீர்மானிக்கிற ஹாக்ஸ் மரபணுக்கள் அதற்கு ஒரே ஒரு கொத்து. நமக்கு நாலு கொத்து, 2, 7, 12, 17 ஆகிய நாலு குரோமோசோம்களில். ஒன்று இரண்டாகி, இரண்டு நாலானது. ஆம்பியாக்ஸஸின் முழு மரபணுத் தொகுதியும் 2008ல் வெளியான பிறகு, அதன் ஒரு துண்டுக்கு நம்மிடம் நாலு துண்டு பொருந்துகிறது என்பது குரோமோசோம் நெடுகப் பார்க்க முடிந்தது. இரண்டாவது இரட்டிப்பு லாம்ப்ரே வகை பிரிந்துபோன பிறகுதான் தாடையுள்ளவற்றின் வழியில் நடந்தது என்று அண்மை ஆய்வுகள் சொல்கின்றன. ஒன்று மட்டும் கூடினால் நோய் வருகிறதே, எல்லாம் கூடினால் எப்படித் தாங்கியது என்று கேட்கலாம். ஒன்று மட்டும் கூடினால் மற்றவற்றோடு உள்ள அளவு கெட்டுவிடுகிறது, எல்லாமே ஒரே அளவில் கூடினால் விகிதம் மாறுவதில்லை. டவுன் சிண்ட்ரோமுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான், கட்டுரையில் விட்டுப்போனதும் இதுதான்.

மீன்களுக்கு மூன்றாவது முறையும் நடந்தது, 30 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால். எல்லா மீனுக்கும் அல்ல. குளச்சலிலோ தேங்காய்ப்பட்டணத்திலோ காலையில் ஏலம் நடக்கும்போது போய்ப் பாருங்கள். சாளை, அயிலை, நெத்திலி, நெய்மீன், சூரை, இவையெல்லாம் மூன்றாவது இரட்டிப்பு நடந்த வழியில் வந்தவை. அதே தரையில் பக்கத்தில் கிடக்கிற சுறாவும் திருக்கையும் அந்த வழியில் வந்தவை அல்ல, அவை அதற்கு வெகு முன்பே பிரிந்தவை. குழம்புச் சட்டியில் வித்தியாசம் தெரியாது, தசையை அரைத்து ஜெல்லில் ஓட்டினால் தெரியும். ஏவிஸ், கிட்டோ என்ற இருவர் 1973லேயே பாஸ்போகுளூக்கோஸ் ஐசோமரேஸ் என்ற ஒரே ஒரு நொதியை எடுத்துக்கொண்டு பற்பல எலும்பு மீன்களில் பார்த்தார்கள். நமக்கு அதற்கு ஒரு மரபணு. இந்த மீன்களுக்கு இரண்டு, ஒன்று பெரும்பாலும் தசையில், மற்றது ஈரல் முதலான உறுப்புகளில். டி.என்.ஏ.வை வரிசையாகப் படிக்கிற வசதி வருவதற்கு முன்னாலேயே, பட்டைகளை எண்ணியே இதைப் பிடித்துவிட்டார்கள் என்பது எங்களைப் போன்ற லேப்காரர்களுக்குக் கொஞ்சம் பெருமையான விஷயம். சால்மன் வகைக்கு அதன் மேலும் ஒன்று, நாலாவது. குளங்களில் வளர்க்கிற மீன்களையே எடுத்துக்கொண்டால் ரோகுவுக்கு 25 ஜோடி குரோமோசோம், சாதாக் கெண்டைக்கு 50 ஜோடி. கெண்டையின் முன்னோரில் ஒரு தனி இரட்டிப்பு நடந்ததன் தடயம் அது.

ஆனால் இத்தனை முறை இரட்டிப்பாகியும் மரபணு எண்ணிக்கை மலைபோல் குவிந்துவிடவில்லை. நமக்குப் புரதம் செய்கிற மரபணு சுமார் 20,000, நம்மைவிட ஒரு முறை கூடுதலாக இரட்டிப்பான வரிக்குதிரை மீனுக்கு 26,000 போல. மற்றதெல்லாம் உதிர்ந்துவிட்டது. எது உதிர்ந்தது, எது நின்றது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

இப்போது நம் மாவட்டத்துக்கு மிகவும் வேண்டிய பகுதிக்கு வருகிறேன், பாம்பு. குலசேகரம், அருமனை, கீரிப்பாறைப் பக்கம் பால்வெட்டுக்குப் போகிறவர்கள் விடிவதற்கு முன்னாலேயே தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு சருகுக்குள் நடக்கிறார்கள். கண்ணாடி விரியன் கடித்து கேஷுவாலிட்டிக்கு வந்தால் டாக்டர் முதலில் கேட்பது இருபது நிமிஷ டெஸ்ட். சுத்தமான, காய்ந்த, புதுக் கண்ணாடி டியூபில் இரண்டு மில்லி ரத்தம் எடுத்து, ஆட்டாமல் அசைக்காமல் ஸ்டாண்டில் வைத்துவிட வேண்டும். பிளாஸ்டிக் டியூப் கூடாது, சோப்புப் போட்டுக் கழுவிய டியூபும் கூடாது, இரண்டிலும் நல்ல ரத்தமே உறையாமல் நின்று நம்மை ஏமாற்றும். இருபது நிமிஷம் கழித்து ஒரே ஒரு தடவை சாய்த்துப் பார்க்க வேண்டும். உறைந்து கட்டியாக அடியில் பிடித்திருந்தால் நல்லது. தண்ணீர் மாதிரி ஓடி வந்தால் உடனே விஷமுறிவு மருந்து. கூட வந்தவர்கள் வாசலில் நின்று, "அண்ணாச்சி, கட்டியாயிட்டா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள்.

அந்த ரத்தம் ஏன் உறையவில்லை தெரியுமா? உறைவதைத் தடுத்ததால் அல்ல, கண்டபடி உறைய வைத்து எல்லாவற்றையும் தீர்த்துவிட்டதால். கண்ணாடி விரியன் விஷத்தில் இருக்கிற ஒரு நொதி ரத்தம் உறைவதற்கான புரதங்களில் பத்தாம் காரணி என்பதையும், இன்னொன்று ஐந்தாம் காரணி என்பதையும் முடுக்கிவிடுகின்றன. உடம்பு முழுக்க ஒரே நேரத்தில் உறைதல் தொடங்கி, உறைகட்டியாக மாற வேண்டிய ஃபைப்ரினோஜென் என்ற புரதத்தின் இருப்பெல்லாம் காலியாகி, டியூபுக்கு வரும்போது உறைய ஒன்றும் மிச்சம் இருப்பதில்லை. இந்த நொதிகள் பாம்புக்கு எங்கிருந்து வந்தன? ஐந்தாம் காரணியை முடுக்குவது, புரதத்தைச் செரிக்கிற ட்ரிப்சின் என்ற நொதியின் குடும்பத்தைச் சேர்ந்தது, நம் கணையத்திலும் ரத்தத்திலும் அதன் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். பத்தாம் காரணியை முடுக்குவது ஏடாம் என்ற, புரதத்தை வெட்டுகிற இன்னொரு நொதிக் குடும்பம், அதுவும் நம் உடம்பில் உண்டு. பாம்பின் முன்னோருக்கு உடம்பின் சாதாரண வேலைக்கு இருந்த மரபணுக்கள் நகலாகி, ஒரு பிரதி வீட்டு வேலையைப் பார்க்க, இன்னொன்று விஷச் சுரப்பிக்குப் போய், அங்கே மேலும் மேலும் நகலாகி மாறிப்போனது. பாஸ்போலிப்பேஸ் ஏ2வும் அப்படித்தான், கொழுப்பைச் செரிக்க நம் கணையம் சுரக்கிற அதே குடும்பம், நல்ல பாம்பிலும் கட்டுவிரியனிலும் விஷமாகிறது. ஆஸ்திரேலியப் பாம்புகள் சிலவற்றில் இன்னும் பச்சையாகத் தெரியும், அவற்றின் ரத்தத்தில் ஓடுகிற பத்தாம் காரணியின் நகலே விஷத்தில் இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், கண்ணாடி விரியன் விஷத்தை நீர்த்து எடுத்து ரத்தத்தில் சேர்த்து உறைகிற நேரத்தை அளக்கிற டெஸ்ட் ஒன்று பெரிய லேபுகளில் இருக்கிறது, அடிக்கடி கரு கலைகிற பெண்களுக்கு ரத்த உறைதலில் குறுக்கிடுகிற லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட் என்ற எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று பார்க்க. பாம்பின் நகல் நொதி நமக்கு ரீஏஜென்ட், அதாவது டெஸ்டுக்கான மருந்துப் பொருள்!

இந்த நகல் விவகாரத்தால் நடைமுறையில் ஒரு சிக்கலும் உண்டு. எந்த நகலை வைத்துக்கொண்டது, எதை உதிர்த்தது என்பது இனத்துக்கு இனம் மாறும். அமெரிக்காவின் கிலுகிலுப்பைப் பாம்புகளில் பார்த்தபோது, அவற்றின் முன்னோருக்குப் பாஸ்போலிப்பேஸ் நகல்கள் நிறைய இருந்து, பிறகு ஒவ்வொரு இனமும் வெவ்வேறு நகலை இழந்திருக்கிறது என்று தெரிந்தது. ஒரே இனத்திலேயே ஊருக்கு ஊர் விஷத்தின் கலவை மாறுகிறது. நம் நாட்டு விஷமுறிவு மருந்துக்கான பாம்பு விஷம் பெரும்பாலும் சென்னைக்குப் பக்கத்தில் உள்ள இருளர் கூட்டுறவுச் சங்கத்தில் இருந்து போவது. அதுவும் நாலு பாம்புக்கு மட்டும்தான் மருந்து: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத் தோட்டங்களில் கிடக்கிற ஹம்ப்நோஸ்டு பிட் வைப்பர் அந்த நாலில் சேராது, அதன் கடிக்கு இந்த மருந்து கேட்காது. உங்கள் அறிவியல் பக்கம் இதைப் பற்றி ஒரு கட்டுரை போட்டால் உண்மையாகவே பிரயோஜனம், எழுத டாக்டர்கள் கிடைப்பார்கள். (கட்டுவிரியன் கடியில் இருபது நிமிஷ டெஸ்ட் நன்றாக உறைந்து காட்டும் என்பதையும் சேர்த்துப் போடுங்கள். ரத்தம் உறைகிறதே என்று வீட்டுக்குக் கூட்டிப்போய்விடக் கூடாது.)

பாம்பை விட்டு மலைக்குக் கொஞ்சம் மேலே போனால் கருங்குரங்கு இருக்கிறது, கருமந்தி என்றும் சொல்வார்கள். லேகியத்துக்காக ஒரு காலத்தில் இதைச் சுட்டுத் தீர்த்தார்கள், இப்போது சட்டம் இருப்பதால் தப்பிப் பிழைத்திருக்கிறது. இலை தின்கிற குரங்குகளின் கூட்டத்தைச் சேர்ந்தது. இந்தக் கூட்டத்துக்கு மாடு மாதிரி முன்வயிற்றில் பாக்டீரியா இலையை நொதிக்க வைக்கிறது, பிறகு குரங்கு அந்தப் பாக்டீரியாவையே செரிக்கிறது. பாக்டீரியாவில் ஆர்.என்.ஏ. ஏராளம். அதை உடைக்கிற கணைய நொதியின் மரபணு மற்றக் குரங்குகளுக்கு ஒன்று, வியட்நாம் பக்கம் உள்ள டூக் என்ற இலைதின்னிக்கு இரண்டு என்று ஜாங் என்பவரும் கூட்டாளிகளும் 2002ல் காட்டினார்கள். பழைய பிரதி பி.எச். 7.4ல் நன்றாக வேலை செய்கிறது, புதியது 6.3ல். அந்தக் குரங்கின் சிறுகுடல் மற்றவற்றைவிடக் கொஞ்சம் அமிலம், அதற்கேற்ற மாற்றம். ஆப்பிரிக்காவின் இலைதின்னிக் குரங்குகளிலும் இதே மரபணு தனியாக இரட்டித்து, அதே திசையில் மாறியிருக்கிறது. இன்னொரு பக்கம் லைசோசைம், கண்ணீரிலும் முட்டை வெள்ளைக்கருவிலும் இருந்து பாக்டீரியாவின் சுவரை உடைக்கிற நொதி. மாட்டுக்கு அதன் மரபணு பத்துப்போல் பெருகி வயிற்றில் செரிக்கும் நொதியாகவே ஆகிவிட்டது. அந்த லைசோசைமின் வெகு பழைய நகல் ஒன்று நொதி வேலையையே விட்டுவிட்டு, தாய்ப்பாலில் லாக்டோஸ் உண்டாக்கத் துணை செய்கிற புரதமாக மாறிவிட்டது. பாலில் இருக்கிற இனிப்புக்குக் காரணம் கிருமியைக் கொல்கிற ஒரு நொதியின் நகல் என்றால், சொன்னால் நம்புவார்களா? அன்டார்டிக் கடலில் உறைந்து போகாமல் நீந்துகிற மீன்களின் ரத்தத்தில் ஓடுகிற உறைதடுப்புப் புரதமும், ட்ரிப்சினின் முன்வடிவமான ட்ரிப்சினோஜென் மரபணுவில் இருந்து கிளம்பியது என்று 1997ல் வெளிவந்தது.

எப்போதும் நகல் முதலில், வேலை பிறகு என்றும் இல்லை. வாத்தின் கண் வில்லையில் நிறைந்திருக்கிற புரதங்களில் ஒன்று, நாங்கள் லேபில் பார்க்கிற அதே எல்.டி.எச்.சின் இதய வகை. நகலே எடுக்காமல் ஒரே மரபணு இரண்டு இடத்திலும் வேலை பார்க்கிறது. கோழிக்கண்ணில் வேறு ஒரு நொதி, யூரியா உண்டாகும் வழியில் உள்ள ஆர்ஜினினோசக்சினேட் லையேஸ். அது கோழியில் இரண்டாகி, ஒன்று நொதியாக நிற்க, மற்றது நொதி வேலையை மறந்து வில்லைப் புரதமாகவே உட்கார்ந்துவிட்டது. நமக்கு அது ஒன்றே ஒன்றுதான், அது பழுதானால் பிறந்த குழந்தைக்கு ரத்தத்தில் அம்மோனியா ஏறிவிடும்.

கடைசியாக மரச்சீனி, அதாவது மரவள்ளிக்கிழங்கு. எச்சிலில் உள்ள அமைலேஸ் மாவுப்பொருளை உடைக்கிற நொதி, கணைய அமைலேஸின் நகலாக வந்தது. ஆளுக்கு ஆள் இதன் பிரதி எண்ணிக்கை மாறும், சிலருக்கு இரண்டு மூன்று, சிலருக்குப் பத்துக்கும் மேலே. கிழங்கோ தானியமோ நிறையத் தின்கிற ஜப்பானியர், தான்சானியாவின் ஹட்சா மக்கள் ஆகியோரிடம் பிரதிகள் சராசரியில் கூடுதல், மீனும் இறைச்சியும் சார்ந்த சைபீரிய யாகுத் மக்கள் போன்றோரிடம் குறைவு என்று 2007ல் ஓர் ஆய்வு வந்தது. நாய்க்குக்கூட அப்படித்தான், ஓநாய்க்கு இரண்டே பிரதி, நம் வாசலில் சோறு தின்று வளர்ந்ததற்கு நாலில் இருந்து முப்பது வரை. இதைப் படித்த உடனே, "அதான் மக்கா, நம்ம ஊர்க்காரனுக்கு மரச்சீனியும் மீன்கறியும் ஒத்துப்போகுது, சுகரெல்லாம் ஒண்ணும் செய்யாது" என்று வாட்ஸ்அப்பில் கிளப்பிவிடுவார்கள் என்று எனக்குத் தெரியும். தயவுசெய்து வேண்டாம். மரச்சீனி தென் அமெரிக்காவில் பிறந்தது, போர்த்துக்கீசியர் வழியாக மேற்குக் கரைக்கு வந்தது, நாம் திருவிதாங்கூரில் இருந்த காலத்தில், 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா ஊக்கப்படுத்திப் பரவியது. சில நூறு வருஷத்தில் மரபணு அப்படி மாறாது. அமைலேஸ் பிரதிகள் கூடத் தொடங்கியது 8 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பாகவே இருக்கலாம் என்று 2024ல் வந்த ஆய்வு சொல்கிறது, விவசாயம் என்ற ஒன்றே அப்போது கிடையாது. சுகர் இருக்கிறவர்கள் மரச்சீனியை அளவோடு தின்ன வேண்டும், அமைலேஸ் கூட இருந்தால் மாவு வேகமாகத்தான் சர்க்கரையாகும்.

பிரதி எண்ணிக்கை பார்க்க வேண்டிய அவசியம் நிஜமாகவே இருக்கிற இடம் ஒன்று உண்டு, மருந்து. ஈரலில் மருந்துகளை மாற்றுகிற சி.ஒய்.பி.2டி6 என்ற நொதியின் மரபணு சிலருக்குக் கூடுதல் பிரதிகளாக இருக்கும். அவர்களுக்கு இருமலுக்கும் வலிக்கும் கொடுக்கிற கோடீன் உடம்புக்குள் மளமளவென்று மார்ஃபினாக மாறும். டான்சில் அறுவை சிகிச்சைக்குப் பிறகு கோடீன் கொடுத்த குழந்தைகள் சிலர் மூச்சு நின்று இறந்ததால், அமெரிக்காவில் 2013ல் கடும் எச்சரிக்கையும் 2017ல் 12 வயதுக்குக் கீழே கொடுக்கவே கூடாது என்ற உத்தரவும் வந்தன. கேட்டால் நகல் நோய்தானே என்பார் உங்கள் கட்டுரையாளர். இல்லை, கோடீன் கொடுக்காதவரை அந்தக் குழந்தைகளுக்கு ஒரு குறையும் கிடையாது.

திருத்தம் போடுவதாக இருந்தால் பெரிதாக ஒன்றும் வேண்டாம், அந்தப் பெட்டிச் செய்தி அச்சான அதே அளவு எழுத்தில், நகலான மரபணு பெரும்பாலும் சாகும், சில வேளை நோயாகும், சில வேளை புது நொதியாகும் என்று போட்டாலே போதும். "பெரும்பாலும்" என்ற சொல்லை மட்டும் இடம் போதவில்லை என்று வெட்டிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு லேப் டெக்னீஷியன்,
தக்கலை.

பி.கு.: கட்டுரையோடு வந்த படத்துக்குக் கீழே லாம்ப்ரே என்று போட்டிருந்தீர்கள். அது விலாங்கு. வாயில் தாடை தெளிவாகத் தெரிகிறது, தலைக்குப் பின்னால் ஒரே ஒரு செவுள் பிளவுதான். லாம்ப்ரேக்குத் தாடையே கிடையாது, வட்டமான உறிஞ்சு வாய், பக்கத்துக்கு ஏழு செவுள் துளை வரிசையாக இருக்கும். விலாங்கு சாளை, அயிலையோடு சேர்ந்த கூட்டம், மூன்றாவது இரட்டிப்பையும் பார்த்தது. அந்தப் படத்தை இணையப் பதிப்பிலாவது மாற்றிவிடுங்கள்.